ஜெரிமாண்டரிங்னா நிஜமா என்ன? எல்பிரிட்ஜ் கெரி போட்ட ஒரு கையெழுத்து, போட மறுத்த ஒரு கையெழுத்து

தொகுதி மறுவரையறை பத்தி பேச்சு வந்தாலே போதும், யாராவது ஒருத்தர் "இது பக்கா ஜெரிமாண்டரிங்"னு சொல்லிடறாங்க. எம்.பி. சீட்டு குறையும்னா ஜெரிமாண்டரிங், வாக்காளர் பட்டியல்ல பேர் விட்டுப்போச்சுன்னா ஜெரிமாண்டரிங், மேப்புல ஒரு தொகுதி கோணலா தெரிஞ்சா அதுவும் ஜெரிமாண்டரிங். இதுல முக்கால்வாசி அந்த வார்த்தைக்குள்ளயே வராது. அது மட்டும் இல்ல, அந்த வார்த்தைக்குள்ள ஒரு மனுஷனோட பேர் மாட்டிக்கிட்டு இருக்கு, அவர் பேர் எல்பிரிட்ஜ் கெரி, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவர், மாநில சட்டமன்றத்துலயும் நாட்டோட காங்கிரஸ்லயும் (அங்கத்த நாடாளுமன்றம்) வருஷக்கணக்கா உட்கார்ந்தவர். அவரே பென்சில் எடுத்து மேப் வரைஞ்சார்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. அது உண்மை இல்ல. ஆனா அவர் மேல தப்பே இல்லன்னும் சொல்லிட முடியாது. அதனால இந்த ரெண்டையும், அதாவது அந்த வித்தையையும் அந்த மனுஷனையும், சேர்த்தே பாத்துடலாம்.

ஒரு சின்ன விஷயம், அவர் பேரை "கெரி"ன்னுதான் சொல்லணும், கெட்டியான "க". வார்த்தைதான் வாய்ல உருண்டு உருண்டு "ஜெரி" ஆயிடுச்சு.

முதல்ல ஒரு தெரு, 15 வீடு

ஒரு தெருவுல 15 வீடு இருக்குன்னு வெச்சுக்குங்க. 9 வீட்டுல டீ, 6 வீட்டுல காபி. தெரு விழாவுக்கு என்ன போடறதுன்னு முடிவு பண்ணணும். எல்லாரையும் ஒண்ணா உட்கார வெச்சு கை தூக்கச் சொன்னா 9க்கு 6, டீ ஜெயிச்சிடும், பேச்சே இல்ல.

ஆனா தெரு சங்கத்துல வேற மாதிரி ஒரு ரூல். 15 வீட்டை அஞ்சஞ்சு வீடா 3 குரூப்பா பிரிக்கணும், ஒவ்வொரு குரூப்பும் ஒரு முடிவு சொல்லணும், எந்தப் பக்கம் ரெண்டு குரூப் நிக்குதோ அதுதான் முடிவு. சரி, குரூப்பை யார் பிரிக்கிறது? அந்த வேலையை ஒரு காபிக்காரர்கிட்ட குடுத்துட்டாங்க.

அவர் என்ன பண்றார்னா, முதல் குரூப்ல அஞ்சு வீட்டையும் டீ வீடாவே போட்டுடறார். அந்த குரூப் போகட்டும்னு விட்டுட்டார். மிச்சம் டீ வீடு 4 தான், அதை ரெண்டு குரூப்புக்கும் ரெண்டு ரெண்டா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் 3 காபி வீட்டை சேர்க்கிறார். ரெண்டு குரூப்பும் 3க்கு 2ன்னு காபி பக்கம் விழுந்துடுச்சு. 6 வீடு ஜெயிச்சிடுச்சு, 9 வீடு தோத்துடுச்சு. யாரையும் மிரட்டல, ஒரு ஓட்டைக்கூட திருடல, எல்லா குரூப்லயும் சரியா அஞ்சு வீடு. கோடு போட்டது மட்டும்தான்.

இதே வேலையை டீக்காரர்கிட்ட குடுத்திருந்தா? ஒவ்வொரு குரூப்லயும் 3 டீ, 2 காபின்னு பிரிச்சிருப்பார், மூணு குரூப்பும் டீ. காபிக்காரங்க 6 வீடு இருந்தும் ஒரு குரூப்கூட கைக்கு வராது.

தெருவுக்குப் பதிலா ஒரு மாநிலம், குரூப்புக்குப் பதிலா தொகுதி. ஒரு கட்சிக்கு லாபம் வர்ற மாதிரி, ஓட்டை எண்ணி எண்ணி, வேணும்னே தொகுதி எல்லையை வளைக்கிறதுக்குப் பேர்தான் ஜெரிமாண்டரிங்.

வீணாப் போற ஓட்டுதான் இதோட இன்ஜின்

மேல சொன்ன காபிக்காரர் ரெண்டு வேலை பண்ணினார் பாருங்க. எதிராளியை ஒரே இடத்துல திணிச்சார், அதுக்குப் பேர் பேக்கிங், மூட்டை கட்டறதுன்னு வெச்சுக்கலாம். மிச்சம் இருந்தவங்களை எங்கயும் ஜெயிக்க முடியாத அளவுக்குச் சிதறடிச்சார், அது கிராக்கிங், உடைச்சுப் போடறது. டீக்காரர் வரைஞ்ச மேப்புல கிராக்கிங் மட்டுமே போதுமா இருந்துச்சு.

ரெண்டுக்கும் அடியில இருக்கிறது ஒரே கணக்குதான். ஒரு தொகுதியில ஜெயிக்க எவ்வளவு வேணுமோ அதுக்கு மேல விழுற ஓட்டும் வீண், தோத்த பக்கம் விழுற ஓட்டும் வீண். காபிக்காரர் மேப்புல எண்ணிப் பாருங்க, முதல் குரூப்ல 3 வீடு இருந்தாலே டீ ஜெயிச்சிருக்கும், அங்க 5 இருக்கு, அதனால 2 வீண், மத்த ரெண்டு குரூப்ல தோத்த ரெண்டு ரெண்டு டீ வீடு, ஆக 4 வீண், மொத்தம் 9 டீ ஓட்டுல 6 வீண். காபி ஓட்டு 6ம் சரியா வேலை செஞ்சிருக்கு, ஒண்ணுகூட வீணாகல. நல்லா வரைஞ்ச ஜெரிமாண்டர்னா இதுதான், நம்ம ஓட்டு கச்சிதமா வேலை செய்யணும், எதிராளி ஓட்டு மலை மாதிரி ஒரு இடத்துல குவிஞ்சு கிடக்கணும்.

இதுவரைக்கும் வந்ததை ஒரு வரியில சொன்னா, ஓட்டு எண்ணிக்கை மாறல, கோடு மாறினதுல முடிவு மாறிடுச்சு.

யார் இந்த கெரி

1744ல மாசசூசெட்ஸ்ல மார்பிள்ஹெட்ங்கிற கடலோர ஊர்ல பொறந்தார். மீன் ஊர். அப்பா கப்பல் வியாபாரி, காய வெச்ச காட் மீனை வெளிநாட்டுக்கு ஏத்தி அனுப்பற குடும்பம், நம்ம பாஷையில கருவாட்டு வியாபாரம்னு வெச்சுக்குங்க. ஹார்வர்ட்ல 1762ல படிச்சு முடிச்சு வீட்டு வியாபாரத்துலயே சேர்ந்தார். 1772ல மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குப் போனார், அங்க சாமுவேல் ஆடம்ஸ் பழக்கமாகி, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்க்கிற கூட்டத்துல முழுசா இறங்கிட்டார்.

1775 ஏப்ரல் 18 ராத்திரி, அதாவது லெக்சிங்டன்ல அமெரிக்க சுதந்திரப் போரோட முதல் குண்டு வெடிக்கிறதுக்கு முந்தின ராத்திரி, மெனோடமிங்கிற ஊர்ல ஒரு விடுதியில தங்கியிருந்தார். பிரிட்டிஷ் படை அந்த வழியா வருதுன்னு தெரிஞ்சதும் அவரும் கூட இருந்தவங்களும் படுத்திருந்த துணியோடயே வெளிய ஓடி வயல்ல ஒளிஞ்சுக்கிட்டாங்க. பிடிபட்டிருந்தா இந்த வார்த்தையே பொறந்திருக்காது.

1776ல கான்டினென்டல் காங்கிரஸுக்குப் போனார், 13 காலனியும் சேர்ந்து நடத்தின பொது சபை அது. சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டார், அப்புறம் நாட்டோட முதல் அரசியல் சட்டமான கூட்டமைப்பு விதிகள்லயும் போட்டார். இந்த மனுஷனோட வாழ்க்கையைக் கையெழுத்துக் கையெழுத்தா படிச்சா நல்லா புரியும்.

போட மறுத்த கையெழுத்து, 1787

1787ல பிலடெல்பியாவுல புது அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தாங்க. அங்க ஒரு பெரிய சண்டை, பெரிய மாநிலங்கள் ஜனத்தொகைப்படி சீட்டு கேட்டுச்சு, சின்ன மாநிலங்கள் எல்லாருக்கும் சமமா வேணும்னுச்சு. சமாதானம் பண்ண மாநிலத்துக்கு ஒருத்தர்னு ஒரு கமிட்டி போட்டாங்க, அதுக்குத் தலைவர் கெரிதான். காங்கிரஸோட கீழ்சபையில ஜனத்தொகைப்படி, மேல்சபையான செனட்ல சமமான்னு இன்னைக்கு வரைக்கும் இருக்கிற ஏற்பாடு அந்தக் கமிட்டி வழியா வந்ததுதான். அதாவது யாருக்கு எத்தனை சீட்டுங்கிற கேள்வியை உட்கார்ந்து நியாயமா தீர்க்கப் பாத்த ஆள் இவர்.

அவரைப் பெரிய மக்கள் தலைவரா மட்டும் நினைச்சிடாதீங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் அவர் மாநிலத்துலயே கடன்ல மாட்டின விவசாயிங்க ஷேஸ் கலகம்னு ஒரு கிளர்ச்சி பண்ணியிருந்தாங்க, அந்த பயத்துல, மக்களாட்சி அளவுக்கு மீறினதுதான் இந்தக் கேட்டுக்கெல்லாம் காரணம்னு அந்த அவையிலயே பேசினார். அதே நேரத்துல மேல உட்கார்ந்திருக்கிறவங்க கைல அதிகாரம் குவியறதையும் அவரால தாங்க முடியல. ரெண்டு பக்கமும் பயந்தவர். எனக்கு அவர் மேல மரியாதை வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம், வசதியான ஒரே பயத்தை வெச்சுக்கிட்டு அவர் நிம்மதியா இருக்கல.

செப்டம்பர்ல வேலை முடியற நேரம், மக்களோட உரிமைகளைப் பட்டியல் போட்டு இதுல சேர்க்கணும், அதுக்கு ஒரு கமிட்டி வேணும்னு கெரி தீர்மானம் கொண்டு வந்தார், ஜார்ஜ் மேசன் ஆதரிச்சார். ஓட்டுக்கு விட்டப்ப ஒரு மாநிலம்கூட ஆதரிக்கல. கடைசி நாள் 39 பேர் கையெழுத்துப் போட்டாங்க. அங்கேயே உட்கார்ந்திருந்தும் மூணு பேர் போட மாட்டேன்னுட்டாங்க, மேசன், எட்மண்ட் ராண்டால்ப், கெரி.

அதுக்கப்புறம் கோபிச்சுக்கிட்டு வீட்டுல இருந்துடல. 1789ல புது அரசியல் சட்டப்படி கூடின முதல் காங்கிரஸுக்கே பிரதிநிதியா ஜெயிச்சு போனார், 1793 வரைக்கும் இருந்தார். அவர் கேட்ட அந்த உரிமைப் பட்டியல் அந்தக் காங்கிரஸ்லதான் வந்துச்சு, முன்னாடி நின்னு கொண்டு வந்தவர் ஜேம்ஸ் மேடிசன், கெரி விவாதத்துல தீவிரமா கலந்துக்கிட்டார், 1791ல 10 திருத்தங்களா அது சட்டத்துல ஏறிடுச்சு.

போட்ட கையெழுத்து, 1812

நடுவுல நடந்ததைச் சீக்கிரம் சொல்லிடறேன். அப்ப ரெண்டு கட்சி. ஃபெடரலிஸ்ட்டுங்க பலமான மத்திய அரசு வேணும்னவங்க, வியாபாரத்துக்காக பிரிட்டனோட ஒத்துப் போகணும்னவங்க. இன்னொண்ணு டெமாக்ரட்டிக் ரிப்பப்ளிகன், ஜெஃபர்சன், மேடிசன் கட்சி, சுருக்கமா ரிப்பப்ளிகன்னு சொல்றேன் (இன்னைக்கு இருக்கிற ரிப்பப்ளிகன் கட்சி இல்ல இது, வேற). கெரி 1797ல பிரான்சுக்குத் தூதரா போனவர் பேச்சுவார்த்தை முறிஞ்ச பிறகும் அங்கேயே தங்கிட்டார், அதுக்காக ஃபெடரலிஸ்ட்டுங்க அவரைத் துரோகின்னே ஏசினாங்க. மெல்ல மெல்ல ரிப்பப்ளிகன் பக்கம் போயிட்டார். 1810லயும் 1811லயும் மாசசூசெட்ஸ் கவர்னரா ஜெயிச்சார்.

முதல் வருஷம் நிதானமா நடந்துக்கிட்டவர் ரெண்டாவது வருஷம் மாறிட்டார். பிரிட்டனோட போர் வர்ற மாதிரி இருந்த நேரம், ஃபெடரலிஸ்ட்டுங்க நாட்டைக் காட்டிக் குடுத்துடுவாங்கன்னு அவர் நிஜமாவே நம்பினார். அந்த நம்பிக்கையில பதவிகள்ல இருந்து அவங்க ஆட்களை எடுத்துட்டு தன் கட்சிக்காரங்களைப் போட்டார். அந்தச் சமயத்துலதான் சட்டமன்றத்துல மெஜாரிட்டியா இருந்த ரிப்பப்ளிகன்கள் மாநில செனட் (மாநில சட்டமன்றத்தோட மேல்சபை) தொகுதியையெல்லாம் மாத்தி ஒரு மசோதா கொண்டு வந்தாங்க. அதுவரைக்கும் செனட் தொகுதின்னா பொதுவா ஒரு கவுண்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி ஒண்ணு. புது மசோதா அந்தக் கவுண்டி எல்லையை அறுத்து அறுத்து ஒட்டிச்சு.

அவரோட மருமகன் பின்னாடி எழுதின வாழ்க்கை வரலாற்றுல, இந்தத் திட்டம் கெரிக்குக் கொஞ்சமும் பிடிக்கலன்னு சொல்லியிருக்கார். இருக்கலாம். ஆனா மசோதாவைத் திருப்பி அனுப்பற அதிகாரம் கவர்னருக்கு இருந்துச்சு, மூணுல ரெண்டு பங்கு ஓட்டு இருந்தாத்தான் சட்டமன்றத்தால அதை மீற முடியும். 1787ல நாட்டோட பெரிய பெரிய தலைவர்கள் எல்லாம் ஒரு பக்கம் நின்னப்ப துணிஞ்சு பேனாவை கீழ வெச்ச மனுஷன், 1812 பிப்ரவரி 11ல தன் கட்சி கொண்டு வந்த தாள்ல கையெழுத்துப் போட்டுட்டார். மேப்பை அவர் வரையல, ஆனா அது சட்டமானது அவர் கையெழுத்துலதான். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாத்தான் இருக்கு.

பறக்கிற பல்லிக்குப் பேர் வந்த கதை

பாஸ்டனுக்கு வடக்க எசெக்ஸ்னு ஒரு கவுண்டி, ஃபெடரலிஸ்ட் கோட்டை. புது சட்டம் அதை ரெண்டாப் பிரிச்சுச்சு. வெளித் தொகுதி பாஸ்டன் பக்கத்துல செல்சியில ஆரம்பிச்சு, லின், சேலம், மார்பிள்ஹெட்னு கடலோரமா போய், டான்வர்ஸ், ஆண்டோவர் வழியா உள்ள ஏறி, மெத்யுவன், ஹேவர்ஹில்னு வளைஞ்சு, கடைசியில சாலிஸ்பரியில மறுபடி கடலைத் தொடும். நடுவுல மாட்டின நியூபரிபோர்ட் மாதிரி ஃபெடரலிஸ்ட் ஊர்கள் எல்லாம் உள்தொகுதியில மூட்டை கட்டப்பட்டுச்சு. மேல பாத்தோமே பேக்கிங், அதேதான்.

அந்த வெளித் தொகுதி மேப்பைப் பாத்த யாரோ இது சாலமாண்டர் மாதிரி இருக்கேன்னாங்களாம், அதாவது பல்லி மாதிரி ஒரு பிராணி, இன்னொருத்தர் "இல்ல, கெரிமாண்டர்"னு சொன்னாராம். யார் சொன்னாங்க, எங்க சொன்னாங்கங்கிறதுக்கு நாலஞ்சு கதை உலாவுது. நிச்சயமா தெரிஞ்சது என்னன்னா, 1812 மார்ச் 26ல பாஸ்டன் கெசட்ங்கிற பத்திரிகையில அந்தத் தொகுதி மேப்புக்கு ரெக்கை, நகம், பல்லு வெச்ச ஒரு கார்ட்டூன் அந்தப் பேரோட வந்துச்சு. எல்கானா டிஸ்டேல்ங்கிறவர் வரைஞ்சதா பொதுவா சொல்றாங்க. ஃபெடரலிஸ்ட் பத்திரிகைகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டு பரப்பிடுச்சு. அந்த மிருகத்தோட உடம்புக்குள்ள கெரி பொறந்த மார்பிள்ஹெட்டும் இருக்கு.

தேர்தல்ல என்ன ஆச்சு

அடுத்த மாசம் ஏப்ரல்ல தேர்தல். செனட்டுக்கு ஃபெடரலிஸ்ட்டுங்களுக்கு விழுந்த ஓட்டு 51,766. ரிப்பப்ளிகன்களுக்கு 50,164. ஓட்டுல ஃபெடரலிஸ்ட் முன்னாடி. சீட்டு? மொத்தம் 40ல ரிப்பப்ளிகன் 29, ஃபெடரலிஸ்ட் 11. வகுத்துப் பாத்தா ரிப்பப்ளிகனுக்கு ஒரு சீட்டுக்கு சுமார் 1,730 ஓட்டு போதும், ஃபெடரலிஸ்ட்டுக்கு ஒரு சீட்டுக்கு சுமார் 4,700 வேணும். டீ காபி தெருதான், கொஞ்சம் பெருசா.

இதைவிட முக்கியமான விஷயம் இன்னொண்ணு இருக்கு. அதே வருஷம் அதே ஜனங்க போட்ட ஓட்டுல, மாநிலத்தோட கீழ்சபை ஃபெடரலிஸ்ட்டுக்குப் போச்சு, கவர்னர் பதவியும் போச்சு, கெரியே கேலப் ஸ்ட்ராங்கிட்ட கொஞ்ச ஓட்டு வித்தியாசத்துல தோத்துட்டார். ஏன் செனட் மட்டும் மாறலன்னா, கீழ்சபைக்கு அப்ப ஊர் ஊரா ஆள் அனுப்புவாங்க, அங்க வளைக்கறதுக்குக் கோடே கிடையாது. கவர்னர் தேர்தல்ல மாநிலம் மொத்தமும் ஒரே தொகுதி, அங்கயும் கோடு கிடையாது. கோடு இருந்த இடத்துல மட்டும் வித்தை பலிச்சுச்சு. இதைவிடத் தெளிவான ஒரு பரிசோதனையை யாரும் வேணும்னு நடத்திக் காட்டினாலும் முடியாது.

அடுத்த வருஷமே, 1813ல, அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க.

எதெல்லாம் ஜெரிமாண்டரிங் இல்ல

இப்ப முதல்ல சொன்ன குழப்பத்துக்கு வருவோம்.

சீட்டு எண்ணிக்கையை மாநிலங்களுக்குள்ள எப்படிப் பிரிக்கிறதுங்கிறது சீட்டு ஒதுக்கீடு, அது வேற கேள்வி. நம்ம ஊர்ல லோக்சபா சீட்டை மாநிலங்களுக்குப் பிரிக்கிறதை 1976ல உறைய வெச்சாங்க, பிறகு 2026க்கு அப்புறம் வர்ற முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைக்கும்னு நீட்டினாங்க. இந்தச் சண்டை எந்த மாநிலத்துக்கு எத்தனைங்கிற சண்டை, கெரி 1787ல தலைமை தாங்கின கமிட்டியோட கேள்வி மாதிரி. அநியாயம்னு ஒருத்தர் வாதாடலாம், நியாயம்னு ஒருத்தர் வாதாடலாம், ஆனா அதுக்கு இந்த வார்த்தை சரியா வராது. ஒரு மாநிலத்துக்குள்ள எந்த ஊரை எந்தத் தொகுதியில சேர்க்கிறதுங்கிற இடத்துலதான் ஜெரிமாண்டரிங் நடக்க முடியும்.

தொகுதிக்குத் தொகுதி ஜனத்தொகை வித்தியாசமா இருக்கிறதும் தனிக் கோளாறுதான். அமெரிக்காவுல 1964ல உச்ச நீதிமன்றம் மாநில சட்டமன்றத் தொகுதிகள்ல ஜனத்தொகை ஏறக்குறைய சமமா இருக்கணும்னு சொல்லிடுச்சு. நம்ம தெருவுல பாத்தீங்களே, எல்லா குரூப்லயும் சரியா அஞ்சு வீடு, அப்பவும் வித்தை நடந்துச்சு.

அப்புறம் இந்தக் கோணல் வடிவம். கார்ட்டூன்ல இருந்து ஆரம்பிச்சதால எல்லாருக்கும் அதுதான் மனசுல நிக்குது. ஆனா ஆத்தோரம், மலையோரம், தீவு இருக்கிற இடத்துல தொகுதி இயல்பாவே கோணலா வரும். கட்டம் கட்டமா அழகா வெட்டின மேப்புலயும் ஒரு கட்சியை மொத்தமா உடைச்சுப் போட முடியும், அதுவும் இப்ப வீதி வீதியா ஓட்டுக் கணக்கு கம்ப்யூட்டர்ல இருக்கிறப்ப ஆயிரக்கணக்கா மேப் போட்டுப் பாத்து வேணுங்கிறதை எடுத்துக்கலாம். அதனால வடிவத்தைப் பாக்காதீங்க, கோடு யார் கையில இருந்துச்சு, ஓட்டு எங்க வீணாச்சுன்னு பாருங்க. அமெரிக்காவுல நிறைய மாநிலங்கள்ல இன்னமும் 10 வருஷத்துக்கு ஒரு தடவை சட்டமன்றமே, அதாவது அந்தக் கோட்டால ஜெயிக்கப் போறவங்களே, கோடு போடறாங்க. கட்சி லாபத்துக்காகப் போட்ட கோட்டை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாதுன்னு 2019ல உச்ச நீதிமன்றம் 5க்கு 4ன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. மாநில நீதிமன்றத்துக்குப் போற வழி மட்டும் இன்னும் திறந்திருக்கு.

சுருக்கமா, சீட்டு ஒதுக்கீடு வேற, ஜனத்தொகை ஏற்றத்தாழ்வு வேற, கோணல் மேப் வேற. ஓட்டை எண்ணி வெச்சுக்கிட்டு வேணும்னே கோட்டை நகர்த்தறது மட்டும்தான் ஜெரிமாண்டரிங்.

கெரியோட கடைசி ரெண்டு வருஷம்

கவர்னர் தேர்தல்ல தோத்த அதே 1812ல மேடிசன் ரெண்டாவது தடவை ஜனாதிபதிக்கு நின்னப்ப துணை ஜனாதிபதி வேட்பாளரா கெரியை நிறுத்தினாங்க. ஜெயிச்சு 1813 மார்ச்ல பதவி ஏத்துக்கிட்டார். மேடிசனோட முதல் துணை ஜனாதிபதி ஜார்ஜ் கிளின்டன் பதவியிலயே இறந்தவர். கெரிக்கும் அப்படியே ஆச்சு, 1814 நவம்பர் 23ம் தேதி நாட்டோட செனட்டுக்குப் போற வழியில உடம்புக்கு முடியாம போய் இறந்துட்டார், 70 வயசு. வாஷிங்டன்ல காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்துலயே புதைச்சாங்க, சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவங்கள்ல அந்த நகரத்துல புதைச்சது அவரை மட்டும்தான்.

வீட்டுக்குக் கடன்தான் மிச்சம். மீதி பதவிக் காலத்துச் சம்பளத்தை மனைவி ஆனுக்குக் குடுத்துடலாம்னு செனட் ஒரு மசோதா நிறைவேத்துச்சு, அவர் தலைமை தாங்கி உட்கார்ந்திருந்த சபை அது. கீழ்சபை அதை நிராகரிச்சிடுச்சு. ஆன் அதுக்கப்புறம் 34 வருஷம் இருந்தாங்க, 1849ல இறந்தாங்க, பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவங்களோட மனைவிமார்கள்ல கடைசியா உயிரோட இருந்தது அவங்கதான்.